கால் சுற்று

அலுமினியம் வெடிக்கும்போது
பெரிய சத்தம் ஒன்றும் வராது.
"டிக்" என்றதாம், நிலத்தில்
ஒற்றைப் பயற்றம் மணி விழுந்த மாதிரி.
இவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு
நிலவறைப் படியேறி வந்து
கை கழுவாமல் கதவடியில் நின்றார்.
"ஒயில் நட்டு... இன்னும் கால் சுற்றுத்தான் இறுக்கினனான்."

எனக்குத் தெரியாத கால் சுற்றா?
பதினேழு வருசமாக
எங்கள் வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.
ஊறுகாய்ப் போத்தலில் இருக்கிறது.
கரண்டிப் பிடியால் மூடியைத் தட்டித் தட்டி
நான் திறக்கிற ஒவ்வொரு காலையிலும்.

ஹைல்புரோனில் அன்றைக்கு நாள் முழுக்க மழை.
மாசக் கடைசியில் டியூஃப் சோதனை.
ஒயில் சொட்டினால் முத்திரை கிடையாது.
ஐம்பத்து நான்காம் ஆண்டு என்.எஸ்.யு.,
இரண்டு தெரு தள்ளி ஹேகலே அம்மாவிடம் வாங்கியது.
"என் எர்வின் இதில் ஒரு கீறல் விழ விட்டதில்லை"
என்று மூன்று முறை சொல்லி
சாவியைக் கைக்குட்டையில் சுற்றித் தந்தவள்.

பால் வண்டித் தொட்டிகளை ஒட்டுவது என் தொழில்.
துருப்பிடிக்காத உருக்கு. அது சொல் கேட்கும்.
சூடேறினால் சிவக்கும், சிவந்தால் கை விலகும்.
அலுமினியம் முகம் காட்டாது.
வெள்ளையாகவே இருந்து, வெள்ளையாகவே இருந்து,
ஒரு கணத்தில் மேசையில் கூழாய்க் கிடக்கும்.
அப்படிச் சிலரோடு வேலை செய்திருக்கிறேன்.

எஞ்சினை முழுதாகக் கழற்றி
வெடித்த பாதியைத் துவாயில் சுற்றித் தந்தார்.
வெள்ளிக்கிழமை எல்லாரும் போன பின்
பட்டறையில் நானும் அதுவும்.
பெற்றோலால் ஊத்தை கழுவினேன்.
வெடிப்பின் இரு நுனியிலும் சின்னத் துளை,
இனி ஓடாதே என்று.
பிறகு அரத்தை வைத்தேன்.

அரத்தில் ஒட்டியது அலுமினியம் இல்லை.
சாம்பல் நிறப் பிசின்.
சொத்தைப் பல்லை அடைத்த மாதிரி அடைத்து,
வெள்ளிப் பூச்சும் பூசி,
பூச்சில் ஒரு விரல் ரேகையும் விட்டு.
இவருடைய கையைவிட மூத்த வெடிப்பு.

எர்வின் ஹேகலே, நீங்களுமா?
எந்தச் சனிக்கிழமை?
படியேறிப் போய்ச் சொன்னீர்களா, இல்லையா?

சூடு காட்டக் காட்ட வியர்த்தது,
எழுபது வருசம் ஒயில் குடித்த உடம்பு.
துடைத்தேன், காட்டினேன், துடைத்தேன்.
சவர்க்காரத்தால் ஒரு கோடு போட்டேன்.
கோடு பழுப்பாகிக் கறுத்தது. அதுதான் பதம்.
முகமூடியைத் தாழ்த்தினேன்.
குன்றிமணி அளவில் ஒரு குளம் திறந்தது.
கம்பியை நனைத்தேன், நகர்ந்தேன், நனைத்தேன்.
கறுப்புக் கொப்புளம். அராவி எறிந்தேன்.
மறுபடியும் கொப்புளம்.
மூன்றாவது, மீன் செதில் போலப் படிந்தது.
அழகில்லை. ஆனால் மூடியது.
போர்வையில் பொதிந்து வைத்து
ஆறும் வரைக்கும் பக்கத்திலே இருந்தேன்,
போனில் ஒன்றும் பார்க்காமல்.

பூட்டி முடிக்க ஒன்பது இரவு.
கடைசியில் ஒயில் நட்டு.
இறுக்கினார், நின்றார், என்னைப் பார்த்தார்.
"போதுமோ?"
போதும் என்றேன்.

முத்திரை கிடைத்தது.
பிசின் துண்டு இன்னும்
என் வேலைச் சட்டைப் பையில் கிடக்கிறது.
சொல்லத்தான் வேண்டும்.
ஹேகலே அம்மாவிடம் இல்லை, இவரிடம்.
சொல்வேன்.

ஆனால் மூன்று கிழமையாகக்
குளியலறைக் குழாய் இரண்டு விரலில் திறக்கிறது.
ஊறுகாய்ப் போத்தல் தொட்டதும் திறக்கிறது.
நேற்று அலுமாரித் தட்டில்
கொஞ்சம் எண்ணெய் ஒழுகியிருந்தது.
இவர் காணுமுன்
துடைத்துவிட்டேன்.